ஆங்கிலம் போதும் என்று நம்பிப் புறப்பட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கனேரித் தீவுகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த பயணக் கட்டுரையை நானும் என் மனைவியும் சேர்ந்து படித்தோம். எங்கள் மகளும் மருமகனும் குடியிருக்கும் தெனெரிஃபே தீவில் கடந்த டிசம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை ஏறத்தாழ 80 நாள்கள் தங்கித் திரும்பியவர்கள் நாங்கள். 3,715 மீட்டர் உயர்ந்து நிற்கும் தேய்தே எரிமலையையும் கறுப்பு மணல் கடற்கரைகளையும் கட்டுரையாளர் விவரித்திருந்த விதம் எங்களை மீண்டும் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால், அங்கே ஆங்கிலம் போதும், வேறு ஆயத்தம் எதுவும் தேவையில்லை என்ற பொருளில் கட்டுரையின் இறுதியில் இருந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதை நம்பி ஒரு வயதான தம்பதி புறப்பட்டால் என்ன பாடுபடுவார்கள் என்பதை நாங்கள் அனுபவித்து அறிந்திருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். கடிதம் நீண்டிருப்பதைப் பொறுத்தருள வேண்டும்.

நான் அறிந்தவரை, நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அந்தத் தீவுகளுக்குப் போகிறவர்கள் இரு வகையினர். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற பெற்றோர் ஒரு வகையினர். உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து கப்பல் வேலைக்குப் போய், கிரான் கனாரியா தீவின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் கரையிறங்கும் இளைஞர்கள் மற்றொரு வகையினர். தெனெரிஃபேயின் தெற்குக் கரையில், பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வெயில் தேடி வருகிறவர்களுக்காக எழுந்துள்ள விடுதிப் பகுதிகளில் ஆங்கிலம் போதும் என்பது உண்மைதான். எங்கள் மகள் இருப்பது வடபுறத்து லா லகூனா நகரில். பல்கலைக்கழகமும் பழைய தெருக்களும் கொண்டு, 1999 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் அந்த நகரில், ரொட்டிக் கடையிலும் மருந்துக் கடையிலும் சுகாதார நிலையத்தின் முன்மேசையிலும் ஸ்பானிய மொழிதான் வழங்குகிறது. ஆயினும் எங்களை அங்கே தடுமாற வைத்தவற்றுள் மொழி மூன்றாவதுதான். முதலாவது, அவர்களுடைய நேரக் கணக்கு. இரண்டாவது, எதைக் கேட்பதற்கும் முன்னால் சொல்ல வேண்டிய முகமன்.

முகமனிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரில் பலசரக்குக் கடைக்குப் போகிற எவரும் "அண்ணாச்சி" என்று விளிக்காமல் கால் கிலோ பருப்புக்கூடக் கேட்பதில்லை. தெனெரிஃபேயில் அந்த இடத்தில் நிற்பது வணக்கச் சொல். மதிய உணவு வேளை வரைக்கும் "புவெனோஸ் தியாஸ்", அதன் பிறகு இருட்டும் வரை "புவெனாஸ் தார்தெஸ்", இருட்டிய பின் "புவெனாஸ் நோச்செஸ்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் பதில் வணக்கம் சொல்லும் வரை ஒரு நொடி நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வந்த காரியம். முதல் நாள் காலையில் நான் ரொட்டிக் கடைக்குள் நுழைந்து, விரலால் சுட்டிக்காட்டி, ஆங்கிலத்தில் எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். கடைக்கார அம்மையார் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தார். அது நிறம் பார்த்து வந்த புறக்கணிப்பு என்று நான் வருந்தியதும், "அப்பா, நீங்கள் வணக்கம் சொன்னீர்களா?" என்று மகள் கேட்டதும் இன்றும் நினைவிருக்கிறது. மறுநாள் சொல்லிப் பார்த்தேன். அதே அம்மையார் எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். பத்து நாளில் 67 வயதான என்னை "மி நிஞோ", அதாவது "என் பிள்ளாய்", என்று அழைக்கத் தொடங்கினார். வயது பாராமல் அப்படி அன்போடு விளிப்பது அந்தத் தீவுகளின் வழக்கம். காத்திருப்புக் கூடத்தில் நுழையும்போதும் அங்கே உள்ள அனைவருக்கும் பொதுவாக வணக்கம் சொல்கிறார்கள். மின்தூக்கியிலிருந்து இறங்கும்போது, முன்பின் தெரியாதவரிடமும் "அஸ்தா லுவேகோ" என்று விடை பெறுகிறார்கள். பெண்கள் தமக்குள்ளும், ஆணும் பெண்ணும் சந்திக்கும்போதும் கன்னத்தோடு கன்னம் ஒற்றுவது அங்கே இயல்பு. என் மனைவி அதற்குக் கூச்சப்பட்டு, சற்றே விலகி நின்று கைகூப்பினார். அவர்களும் மகிழ்ந்து கைகூப்பினார்களே தவிர, யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையை இருபுறமும் அசைத்து "சரி" என்று காட்டும் நம் பழக்கத்தைத்தான் விட்டுவிட வேண்டும். அவர்கள் கண்ணுக்கு அது "வேண்டாம்" என்று படுகிறது. "சீ" என்று வாய்திறந்து சொன்னால் "ஆம்" என்று பொருள்.

மொழியைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஸ்பானிய மொழியை ஆங்கிலத்தின் வழியாகப் பலுக்கினால்தான் நாக்கு தடுமாறும்; தமிழ் வழியாகப் பலுக்கினால் எளிதாக வருகிறது. அவர்களுடைய ஐந்து உயிரொலிகளும் நம்மிடம் இருப்பவை. அவர்களுடைய "த" நம் தகரம். ஆங்கிலேயரைப் போல "டெனெரிஃப்" என்று சொல்லாமல் "தெனெரிஃபே" என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். தலையில் சுழி போட்ட அவர்களுடைய ஓர் எழுத்து நம் ஞகரமேதான்: நாளை என்பதற்கு "மஞானா", குழந்தைக்கு "நிஞோ". ரகரமும் றகரமும் அவர்களிடமும் தனித்தனியே உண்டு. "பெரோ" என்று மெல்லச் சொன்னால் "ஆனால்" என்று பொருள். அதையே நாஞ்சில் நாட்டார் றகரத்தை அழுத்துவது போல் உருட்டிச் சொன்னால் நாய் என்று பொருள். எதிரில் இருப்பவரை மரியாதையோடு "நீங்கள்" என்பதற்கு "உஸ்தெத்" என்றும், உரிமையோடு "நீ" என்பதற்கு "தூ" என்றும் சொல்லும் வேறுபாடும் இருப்பதால், பெரியவர்களிடமும் அலுவலர்களிடமும் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று நமக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. ஆங்கிலம் அறிந்திருப்பது சில இடங்களில் இடறலாகவும் முடியும். குளியலறைக் குழாயில் சி என்ற ஆங்கில எழுத்தைக் கண்டு குளிர்ந்த நீர் என்று எண்ணித் திறந்தேன். அது சூடு என்று பொருள்படும் "கலியெந்தே" என்ற சொல்லின் முதலெழுத்து. குளிர்ந்த நீருக்கு எஃப் என்ற எழுத்து. கை சிவந்த பிறகுதான் இதை அறிந்தேன். முதியவர்கள் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நேரம். குளிர்காலத்தில் நம் நாட்டைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியும், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம் பின்தங்கியும் அந்தத் தீவுகளின் கடிகாரம் ஓடுகிறது. ஸ்பெயினின் தலைநகரான மத்ரித்தைவிட எப்போதும் ஒரு மணி நேரம் குறைவு. அதனால் மத்ரித்திலிருந்து தீவுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பறக்கும் விமானம், பயணச் சீட்டில் இரண்டு மணி நேரத்தில் போய்விடுவது போலத் தோன்றும். சீட்டை வாசிக்கும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: தெனெரிஃபேயில் வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. தெற்கு நிலையத்திலிருந்து தலைநகரான சாந்தா குரூஸ் 60 கிலோமீட்டருக்கு மேல். பிள்ளை ஒரு நிலையத்திலும் பெற்றோர் மறு நிலையத்திலும் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

கடைகளின் நேரத்தைப் புரிந்துகொள்ள நெல்லையப்பர் கோயில் நடைநேரத்தை நினைத்துக்கொண்டால் போதும். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திவிட்டால் மாலைதானே திறக்கும்? அதுபோல அங்கே சிறு கடைகள் பகல் ஒன்றரை, இரண்டு மணிக்கு மூடி, மாலை நாலரை, ஐந்துக்குத் திறக்கின்றன. பெரிய அங்காடிகள் இடைவெளியின்றித் திறந்திருக்கும். வங்கிகளும் அரசு அலுவலகங்களும் பகல் இரண்டு மணியோடு பொதுமக்களுக்கான வேலையை முடித்துக்கொள்கின்றன. ஞாயிற்றுக்கிழமை, சுற்றுலாப் பகுதிகள் தவிர, ரொட்டிக் கடையும் உணவகங்களும்தான். கப்பலிலிருந்து ஞாயிறு பிற்பகலில் கரையிறங்கி, வீட்டுக்குப் பேசச் செல்பேசி அட்டை வாங்க அலையும் தம்பிமார் இதை மனத்தில் வைக்க வேண்டும்; முன்பணம் செலுத்தும் அட்டைக்குக்கூட அங்கே அடையாளச் சான்று கட்டாயம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றை அறியாமல் போனதால் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நாங்கள் போய் இறங்கியது டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை மாலை. இடையில் விமானம் மாறிய இடத்தில் எங்கள் பெட்டிகளுள் ஒன்று பின்தங்கிவிட்டது. என் மனைவியின் இரத்த அழுத்த மாத்திரைகளும் சர்க்கரை மாத்திரைகளும் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. கையில் ஒரு நாள் மருந்து மட்டுமே இருந்தது. காலையில் கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நிம்மதியாகத் தூங்கினோம். டிசம்பர் 6 அவர்களுடைய அரசியலமைப்பு நாள். ஏழாம் தேதி ஞாயிறு. எட்டாம் தேதி, நம் பாளையங்கோட்டை மக்களுக்கும் நன்கு தெரிந்த அமலோற்பவ அன்னை திருநாள். அங்கே அது நாடு முழுவதற்குமான பொது விடுமுறை. மூன்று நாளும் தொடர்ந்து கதவடைப்பு. விடுமுறைகளுக்கு நடுவே வேலை நாள் ஒன்று வந்தால் அதையும் சேர்த்து விடுமுறையாக்கி, அதற்குப் "புவெந்தே", அதாவது பாலம், என்று அவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். புறப்படும் தேதியை முடிவு செய்யும் முன் அந்த நாட்டு விடுமுறைப் பட்டியலை ஒரு முறை பார்த்திருந்தால் நாங்கள் இரண்டு நாள் முன்பாகவே போயிருப்போம். மூன்று அரசர் திருநாளான ஜனவரி 6 அன்றும், கனேரித் தீவுகளின் நாளான மே 30 அன்றும் இதே நிலைதான்.

அருகில் இருந்த மருந்துக் கடை பூட்டியிருந்தது. ஆனால் அதன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அன்றைக்குப் பணியில் இருக்கும் மருந்துக் கடையின் முகவரி அதில் இருக்கும் என்று மகள் சொன்னாள். இரவானாலும் விடுமுறையானாலும் முறைவைத்து ஏதேனும் ஒரு மருந்துக் கடை திறந்திருக்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அதை "ஃபர்மாசியா தெ குவார்தியா" என்கிறார்கள். பச்சைச் சிலுவை விளக்கு எரிவது அடையாளம். இரவில் கதவைத் திறக்காமல் சிறு சாளரத்தின் வழியாக மருந்து கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நம் நகரங்களிலும் இப்படி ஒரு தாள் ஒவ்வொரு மருந்துக் கடைக் கதவிலும் இருந்தால் எத்தனையோ இரவுகளில் எத்தனையோ பேருக்கு உதவும். தேடிச் சென்ற இடத்தில் இரண்டு தடைகள் எழுந்தன. மாத்திரையின் வணிகப் பெயரை மட்டுமே நாங்கள் அறிந்திருந்தோம். அந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் இங்கே சாவி இருந்ததால், அவர் வீட்டைத் திறந்து மருத்துவச் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அப்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. மூலப்பெயர் தெரிந்ததும் எல்லாம் தெளிவாயிற்று: நம் மெட்ஃபார்மின் அங்கே மெத்ஃபோர்மினா, நம் அம்லோடிபின் அங்கே அம்லோதிபினோ. பாராசிட்டமாலுக்குப் பெயர் மாற்றமே இல்லை. இரண்டாவது தடை, அந்த நாட்டு மருத்துவரின் சீட்டு இல்லாமல் கொடுக்க இயலாது என்பது. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், பயணக் காப்பீட்டு விவரத்தைக் காட்டி, மருத்துவரிடம் எழுதி வாங்கி, மருந்து கைக்கு வரும்போது மணி இரவு பதினொன்று. ஆகவே, பயணம் போகும் பெரியவர்கள் அனைவரும் மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூலப்பெயரும் அளவும் எழுதிய மருத்துவர் கடிதம் ஒன்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். அவசரத்துக்கு 112 என்ற எண்ணை அழைத்தால் ஆங்கிலத்திலும் பதில் கிடைக்கும். இன்னொரு சொல்லையும் மறக்க வேண்டாம். சளி பிடித்திருப்பவரை அங்கே "கொன்ஸ்திபாதோ" என்கிறார்கள். அது ஆங்கிலம் தெரிந்த நம் காதில் மலச்சிக்கல் என்று விழும். ஆமென்று தலையாட்டினால் சளிக்கு மருந்து கிடைக்கும்.

பெயர் விஷயத்திலும் நம்மவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே ஒவ்வொருவருக்கும் தந்தை வழியில் ஒன்றும் தாய் வழியில் ஒன்றுமாக இரண்டு குடும்பப் பெயர்கள். அவற்றை "அபெயிதோ" என்கிறார்கள். நமக்கு இட்ட பெயர் "நோம்ப்ரே". நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் தந்தையின் பெயரை விரித்து எழுதியிருப்பதால், அங்கே நாம் தந்தையின் பெயராலேயே அறியப்படுகிறோம். ஜனவரியில் முழங்கால் வலிக்காக நான் ஒரு மருத்துவ நிலையத்தில் தனியே காத்திருந்தபோது, ஒரு பெயரை மூன்று முறை அழைத்தார்கள். யாரும் எழவில்லை. அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். அவர்கள் அழைத்தது, மறைந்து 22 ஆண்டுகள் ஆகிவிட்ட என் தகப்பனாரின் பெயரை என்பது, சற்று நேரம் கழித்தே எனக்கு உறைத்தது. என் கண் கலங்கிவிட்டது. முன்மேசையில் இருந்த பெண் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார். பிள்ளைகள் தங்கள் பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அங்கே முதலில் கேட்பது "சீதா பிரேவியா" இருக்கிறதா என்பதுதான். முன்கூட்டியே பதிந்து பெற்ற நேரம் என்று அதற்குப் பொருள். எங்கள் வருகைக்காக மகள் காவல் துறையிடம் அழைப்புக் கடிதம் பெறுவதற்கும் இப்படி நேரம் வாங்க வேண்டியிருந்தது. ஆதலால் கோடையில் போக நினைப்பவர்கள் பொங்கலுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. நேரம் பதியத் தேவையில்லாத சந்தை, தபால் நிலையம் போன்ற இடங்களில் வரிசையே இல்லாதது போலத் தோன்றும். ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். உள்ளே போனதும் "கியென் எஸ் எல் உல்திமோ?", கடைசியாக வந்தவர் யார் என்று கேட்க வேண்டும். ஒருவர் கையுயர்த்துவார். அவருக்குப் பின் நம் முறை. அதற்கு அப்புறம் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். நியாயவிலைக் கடையில் பையை வைத்து இடம் பிடிக்கும் நம் ஊர் வழக்கத்தைவிட இது எனக்குப் பிடித்திருந்தது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் அஞ்சல் துறையில் இருந்தவன் என்பதால் முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெருப் பெயருக்குப் பின்னால் கதவு எண், அதன் பின் மாடி, அதன் பின் இடமா வலமா என்பது. இந்தக் கடைசிக் குறிப்பை விட்டுவிட்டால், வாசலில் உள்ள இருபது அழைப்பு மணிகளுள் எதை அழுத்துவது என்று தெரியாமல் தெருவிலேயே நிற்க வேண்டிவரும். அஞ்சல் குறியீடு அங்கே ஐந்து இலக்கம். தெனெரிஃபே 38 என்றும், கிரான் கனாரியா 35 என்றும் தொடங்கும். அஞ்சல் தலைகளைப் புகையிலைக் கடைகளிலும் விற்கிறார்கள். பெட்டிகள் மஞ்சள் நிறம். இலக்கங்களில் நமக்குக் காற்புள்ளி இருக்கும் இடத்தில் அவர்களுக்கு முற்றுப்புள்ளி. முற்றுப்புள்ளி இருக்கும் இடத்தில் காற்புள்ளி. 1.250 என்று எழுதியிருந்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ. 3,50 என்றால் மூன்றரை யூரோ. பேருந்தை மற்ற ஸ்பானியர் சொல்லும் பெயரால் தீவில் யாரும் சொல்வதில்லை, "வாவா" என்கிறார்கள். நிறுத்தத்தில் சும்மா நின்றால் நிற்காமல் போய்விடும். கை காட்ட வேண்டும்.

உணவு நேரம்தான் சர்க்கரை நோயுள்ளவர்களுக்குப் பெரிய சோதனை. மதிய உணவு இரண்டு மணிக்கு மேல், இரவு உணவு ஒன்பதை ஒட்டி. மாலை நான்கு முதல் எட்டு வரை பல உணவகங்களில் காப்பி கிடைக்குமே தவிர அடுப்பு எரியாது. வெளியே புறப்படும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும். தாமிரபரணிக் கரை வாழைத் தோட்டங்களை நினைவூட்டும் தோட்டங்கள் அந்தத் தீவிலும் இருக்கின்றன; சிறிய, இனிப்பான அந்தப் பழம் எங்கும் கிடைக்கும். தானியத்தை வறுத்து அரைத்த "கோஃபியோ" என்ற மாவு ஒன்றும் உண்டு. நம் சத்துமாவைப் போலப் பாலில் கலந்து குடிக்கலாம். தெனெரிஃபேயின் பழங்குடிகளான குவாஞ்சேக்கள் காலத்திலிருந்து வரும் உணவு அது. சைவ உணவினர் "நான் சைவம்" என்று மட்டும் சொல்லி நிம்மதி அடையக் கூடாது. சூரை மீனையும் உப்பிட்ட பன்றித் தொடைக்கறியையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் காய்க் கலவையின் மேல் தூவிவிடுகிறவர்கள் உண்டு. "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்", அதாவது இறைச்சி, மீன், தொடைக்கறி இல்லாமல் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். முட்டையும் ஆகாதவர்கள் "சின் வேவோ" என்று சேர்த்துக்கொள்ளலாம். கீரைக் குழம்பு போலத் தோன்றும் "போத்தாஹே"யில் பெரும்பாலும் பன்றி எலும்பு வெந்திருக்கும். தோலோடு உப்புநீரில் வேகவைத்த சிறு உருளைக்கிழங்கும், மிளகாயும் பூண்டும் எண்ணெயும் சேர்த்து அரைத்த "மோஹோ" என்ற துவையலும் எங்களுக்குப் பெரும் துணையாக இருந்தன. உண்டு முடித்தால் தொகைச் சீட்டு தானாக வராது. நம்மை எழுப்பிவிடுவது போலாகும் என்று அவர்கள் கொண்டுவருவதில்லை. "லா குவென்தா, போர் ஃபவோர்" என்று கேட்க வேண்டும்.

ஒருவர் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால் குறித்த நேரத்துக்கு முன்னால் போகக் கூடாது. பத்து நிமிடம் தாழ்ந்து போவதே நல்லது. நாங்கள் கொண்டுபோயிருந்த சிறிய பத்தமடைப் பாயை மகளின் தோழி வீட்டில் கொடுத்தோம். வாங்கிய கையோடு எங்கள் முன்னாலேயே பிரித்துத் தடவிப் பார்த்து வியந்தார்கள். கொடுத்தவர் முன் பிரித்துப் பார்ப்பதுதான் அங்கே மரியாதை. அவர்கள் தரும் பொருளை நாம் பிரிக்காமல் ஓரமாக வைத்தால் மனம் வருந்துவார்கள். நெய்யும் பால்கோவாவும் கொண்டுபோக வேண்டாம். பால் பொருள்களை வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் தாவர நலச் சான்று இல்லாமல் இடமில்லை. விருந்தில் நாங்கள் செய்த தவறு ஒன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் விடைபெறுவது நமக்கு வழக்கம். அவ்வாறே எழுந்தோம். அந்த வீட்டார் முகம் வாடிவிட்டது. உண்ட பிறகு மேசையிலேயே அமர்ந்து ஒரு மணி, இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பது அங்கே விருந்தின் ஒரு பகுதி. "சோப்ரேமேசா" என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. உணவு பிடிக்கவில்லையோ என்று அவர்கள் கலங்கியதாக மகள் பின்னர் சொன்னாள். அடுத்த வாரம் அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்து, சொதியும் இஞ்சித் துவையலுமாகப் பரிமாறி, நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்த பிறகுதான் எங்கள் மனம் ஆறியது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு பத்து, பதினொன்று மணி தொடங்கிக் காலை ஏழு, எட்டு வரை ஓசை கூடாது. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து மிக்சியில் சட்னி அரைத்த நாங்கள், ஒரு வாரம் கழித்துக் கீழ்வீட்டுப் பெரியவர் வந்து மிகுந்த தயக்கத்தோடு சொன்ன பிறகே இதை அறிந்தோம். இரவு பத்துக்கு மேல் உண்டு உறங்குகிறவர்களுக்கு நம் விடியற்காலை நடுச்சாமம் என்பதை நாங்கள்தான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் ஒரு தட்டில் பலகாரம் வைத்து, "பெர்தோன்" என்று சொல்லி அவரிடம் கொடுத்தோம். புறப்படும் நாளில் எங்கள் பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

கட்டுரையாளர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. தெற்குக் கரையில் மட்டும் தங்கியவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளை வெளியிடும்போது, அந்த ஊரின் கடை நேரம், விடுமுறை, மருந்துக் கடை ஏற்பாடு, ஐந்தாறு வணக்கச் சொற்கள் ஆகியவற்றையும் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்கத் தாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். இக்கடிதத்துக்கு முழு இடம் ஒதுக்க இயலாவிட்டால், மருந்தைப் பற்றிய பகுதியையும், மருத்துவ நிலையத்தில் தந்தையின் பெயரால் அழைப்பார்கள் என்ற குறிப்பையும் மட்டுமாவது வெளியிடுங்கள். எங்கள் தெருவிலேயே ஒரு தம்பதி அடுத்த மாதம் மகனைப் பார்க்க லாஸ் பால்மாஸ் புறப்படுகிறார்கள். அவர்களுக்கு நேரில் சொல்லிவிட்டேன். வேறு தெருக்களில் இருப்பவர்களுக்குத் தங்கள் நாளிதழ்தான் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர் ஒருவர்,
பாளையங்கோட்டை.